உழைப்பில் ஓரிடம்

நுழையும்முன்

கல்வி ஒருவரை வாழ்க்கைக்கு ஆயத்தப்படுத்துகிறது. அவ்வாழ்க்கையின் பெரும்பகுதி தொழிலோடு பிணைந்தது. எனினும் மதியிறுக்கம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவற்றை உடைய இளைஞர் பலரின் பயணம் பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது. அவர்களைப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது எவ்வாறு? பணியை அவர்களுக்கு ஏற்ப ஆயத்தப்படுத்துவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

'நாஞ்சில்' என்னும் சொல் கலப்பையைக் குறிக்கும். உழைப்பின் கருவியையே தன் பெயராகக் கொண்டது நாஞ்சில் நாடு. அகத்தீசுவரம், தோவாளை வட்டங்களை உள்ளடக்கிய இப்பகுதியும் அதற்கு மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெல்வயலும் வாழைத்தோப்பும், ரப்பர்த் தோட்டமும் தென்னந்தோப்பும், கடலும் கைவினையும் இம்மாவட்ட மக்களுக்கு வாழ்வளிக்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு எழுத்தறிவு பெற்றோர் 91.75 விழுக்காட்டினர். தமிழ்நாட்டின் மாவட்டங்களுள் இதுவே முதலிடம்.

இப்பெருமைக்குள் ஒரு வினாவும் மறைந்துள்ளது. ஏறத்தாழ எல்லாரும் எழுதப் படிக்க அறிந்த ஊரில், எழுத்து எளிதில் வசப்படாத பிள்ளையின் நிலை என்ன? எழுத்தறிவு குறைந்த சமூகத்தில் அப்பிள்ளை பலருள் ஒருவர். எழுத்தறிவு மிகுந்த சமூகத்திலோ அவர் தனித்துத் தெரிகிறார். மதிப்பெண்ணே மனிதரை அளக்கும் கோலாகும்போது, 'இவன் எதற்கும் ஆகமாட்டான்' என்னும் சொல் வீட்டிலும் தெருவிலும் எளிதாகப் பிறந்துவிடுகிறது. பலமுறை கேட்ட பின் அப்பிள்ளையும் அதை நம்பத் தொடங்குகிறார். பணிக்கு ஆயத்தப்படுத்துதல் என்பது அந்நம்பிக்கையை மாற்றுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்று நிலைகள்

பொதுமக்கள் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளும் மூன்று நிலைகளை முதலில் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

முதலாவது, கற்றல் குறைபாடு. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இதன் பரவலான வடிவம். இக்குறைபாடு உடையோர் அறிவாற்றலில் பிறருக்குக் குறைந்தவர் அல்லர். கேட்டால் விளங்கும், விளங்கியதை வாயால் எடுத்துரைக்கவும் இயலும். ஆனால், எழுத்தையும் அதற்குரிய ஒலியையும் விரைந்து இணைத்துப் பார்ப்பது அவர்களுக்குக் கடினம். லகர, ளகர, ழகர வேறுபாட்டை வாயால் சரியாக ஒலிப்பவர்கூட எழுதும்போது தடுமாறலாம். எண்களைக் கையாளுவதில் இடர்ப்படுவோரும், எழுதும் செயலிலேயே இடர்ப்படுவோரும் இவ்வகையினரே.

இரண்டாவது, அறிவுசார் குறைபாடு. புதியவற்றைக் கற்பதற்கும், காரணகாரியங்களை ஆராய்ந்து முடிவெடுப்பதற்கும், அன்றாட வாழ்வின் செயல்களைத் தாமாகச் செய்வதற்கும் இவர்களுக்குக் கூடுதல் காலமும் துணையும் தேவைப்படும். குறைபாட்டின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மெதுவாகக் கற்பர், ஆனால், கற்பர். ஒருமுறை ஊன்றிக் கற்றதை நெடுநாள் பிறழாமல் செய்வோர் இவர்களுள் பலர்.

மூன்றாவது, ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம். 1943ஆம் ஆண்டு லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்நிலையைத் தெளிவாக விளக்கியது. பிறருடன் உரையாடுவதிலும் பழகுவதிலும் வேறுபாடு, ஒரே செயலை ஒரே முறையில் திரும்பச் செய்யும் விருப்பம், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகக் கூர்மையாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் இயல்புகள். அரசு ஆவணங்கள் இவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' எனக் குறிப்பதுண்டு. உண்மையில் புற உலகை இவர்கள் பல வேளைகளில் நம்மினும் மிகுதியாக உணர்கிறார்கள். நமக்குக் கேட்காத மின்விசிறியின் இரைச்சல் அவர்களுக்குத் தாங்க முடியாத ஓசையாக இருக்கலாம். மதியிறுக்கம் உடையோருள் சிலருக்கு அறிவுசார் குறைபாடும் இருக்கும், சிலருக்கு இராது.

மதியிறுக்கம் உடையோர் அனைவரும் கணினியில் வல்லவர் என்பதும், அறிவுசார் குறைபாடு உடையோர் அனைவரும் மெழுகுவத்தி செய்யவே ஏற்றவர் என்பதும் மனிதரைப் பாராமல் பெயரைப் பார்த்துச் சொல்லும் கூற்றுகள். நிலையின் பெயர் ஒருவருக்கு எத்தகைய துணை வேண்டும் என்பதைக் காட்டலாம். அவர் எத்தொழில் செய்ய வேண்டும் என்பதை அவருடைய விருப்பமும் திறனுமே காட்டும்.

> தெரியுமா?
> ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக மதியிறுக்க விழிப்புணர்வு நாளாகவும், டிசம்பர் 3ஆம் நாள் அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. இரண்டும் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தவை.

பதினெட்டுக்குப் பின்

குறிப்பிட்ட அளவு குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்வியைச் சட்டம் உறுதி செய்கிறது. பள்ளி இருக்கும்வரை காலையில் புறப்பட ஓர் இடம் உண்டு. பெயர் சொல்லி அழைக்க ஆசிரியர் உண்டு. உடன் அமர நண்பர் உண்டு. பள்ளி முடிந்த மறுநாள் இவை அனைத்தும் ஒருசேர நின்றுவிடுகின்றன. வீட்டிலேயே இருக்கும் இளைஞர், பள்ளியில் கற்ற திறன்களைப் பயன்படுத்த வாய்ப்பின்றி, அவற்றைச் சிறிது சிறிதாக இழக்கிறார். அவரை விட்டு அகல முடியாமல் தாயும் தம் வேலையைத் துறக்கிறார்.

கன்னியாகுமரி மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில் உடன்பிறந்தோர் வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் செல்கின்றனர். கூட்டுக் குடும்பம் தந்த துணை சுருங்கிவிட்டது. 'எங்கள் காலத்துக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?' என்பதே முதுமையை நெருங்கும் பெற்றோரின் தீராத கவலை. சேமிப்பும் உறவினரின் அன்பும் இக்கவலைக்கு ஓரளவே மருந்தாகும். பெற்றோர் இருக்கும்போதே அப்பிள்ளைக்கு ஒரு தொழிலும், தொழில்வழி அறிந்த மனிதரும், சிறிதேனும் சொந்த வருவாயும் அமையுமாயின் கவலையின் சுமை பெரிதும் குறையும்.

எனவே, பணிக்கான ஆயத்தம் பதினெட்டாம் வயதில் தொடங்குவது காலங்கடந்த செயல். உண்ட தட்டைக் கழுவி வைத்தல், துணியை மடித்தல், கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்கி மீதிப் பணத்தைக் கொண்டுவருதல் ஆகியன இளமையிலேயே தொடங்க வேண்டிய தொழிற்பாடங்கள். அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் பெற்றோரே செய்துவிடும் வீட்டில், பிள்ளை தன்னால் இயலும் என்பதை அறியும் வாய்ப்பையே இழக்கிறது.

வினையை ஆராய்தல்

திருக்குறளின் 52ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஒரு செயலுக்கு உரியவரை ஆராய்ந்து தேர்ந்து, அதனை அவரிடம் ஒப்படைத்தல் அதன் பொருள். வினை செய்வாரை ஆராய்வதோடு நில்லாமல் வினையையும் பகுத்து ஆராயச் சொல்கிறது இன்றைய சிறப்புக்கல்வி. இதனை வினைப்பகுப்பு எனலாம். ஒரே செயலாகத் தோன்றுவது உண்மையில் பல சிறு செயல்களின் தொடர் என்பதே இதன் அடிப்படை.

மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹாட்ச், 1920களில் அங்கு ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தொடங்கிய ஊரக மேம்பாட்டுப் பணியில் தேனீ வளர்ப்பும் ஒன்று. எளிய மக்கள் தம் ஊரில் கிடைக்கும் பொருளைக்கொண்டு தம் கையாலேயே முன்னேறப் பயிற்சியளித்த மரபு இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. அத்தேனைப் புட்டியில் அடைக்கும் பணியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

புட்டியைக் கூடையிலிருந்து எடுத்தல், உள்ளே ஈரம் இல்லை என்பதைப் பார்த்தல், குழாயின் அடியில் வைத்தல், குழாயைத் திறத்தல், உரிய அளவு வந்ததும் மூடுதல், வாய்ப்பகுதியைத் துடைத்தல், மூடியைத் திருகுதல், பெயர்த்தாளை ஒட்டுதல், பெட்டியில் அடுக்குதல் என அப்பணி ஒன்பது படிகளாக விரியும். பயிற்சி பெறும் இளைஞர் எட்டுப் படிகளைச் செவ்வனே செய்து, குழாயை மூடும் படியில் மட்டும் தவறுகிறார் எனக் கொள்வோம். 'இவருக்குத் தேன் அடைக்கத் தெரியாது' என்றால் அது மனிதரைப் பற்றிய தீர்ப்பு. 'குழாயை மூட வேண்டிய நேரம் இவருக்குப் புலப்படவில்லை' என்றால் அது தீர்க்கக்கூடிய ஒரு சிக்கல். புட்டியின் மேல் சிவப்புக் கோடு ஒன்றை வரைந்து, தேன் கோட்டைத் தொட்டதும் மூடுமாறு பயிற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

பெயர்த்தாள் கோணலாக ஒட்டப்படுகிறதா? புட்டி அசையாமல் பொருந்தும் மரச்சட்டம் ஒன்றைச் செய்து, தாள் அமைய வேண்டிய இடத்தில் விளிம்பு அமைத்தால் போதும். பன்னிரண்டு வரை எண்ணத் தெரியாதவர் பன்னிரண்டு புட்டிகளை எவ்வாறு அடுக்குவார்? பன்னிரண்டு குழிகள் உள்ள தட்டு ஒன்றை அவரிடம் தந்தால், குழிகள் நிறைந்ததும் எண்ணிக்கையும் நிறைந்துவிடும். எண்ணத் தெரியாமை அவர் பணிக்குத் தடையாக நில்லாது. இத்தகைய துணைக்கருவிகளை ஊர்த் தச்சரே செய்து தரலாம். செலவு மிகக் குறைவு.

கற்பிக்கும் வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதற்படியிலிருந்து தொடங்காமல் இறுதிப்படியிலிருந்து கற்பிப்பது பல வேளைகளில் பயன் தரும். எட்டுப் படிகளைப் பயிற்றுநர் செய்து, ஒன்பதாவதை மட்டும் இளைஞரிடம் விடுகிறார். அடுத்து, இறுதி இரண்டு படிகள், பின்னர் மூன்று. இம்முறையில் ஒவ்வொரு முறையும் பணியை நிறைவு செய்பவர் அவ்விளைஞரே. 'நான் முடித்தேன்' என்னும் மகிழ்ச்சி முதல் நாளிலேயே கிடைக்கிறது. கைபிடித்துக் காட்டுதல், சைகையால் காட்டுதல், படத்தால் காட்டுதல் எனத் துணையையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். துணை குறையாவிட்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

இம்முறையின் ஆற்றலை அமெரிக்கக் கல்வியாளர் மார்க் கோல்டு 1970களில் மெய்ப்பித்தார். கடுமையான அறிவுசார் குறைபாடு உடையோர் பல உறுப்புகளைக் கொண்ட மிதிவண்டித் தடையைப் பிழையின்றிப் பூட்டக் கற்றதை அவருடைய ஆய்வுகள் காட்டின. கற்பவர் கற்கவில்லையெனில், கற்பிப்பவர் வேறொரு வழியை நாட வேண்டும் என்பது அவர் கொள்கை.

களத்திலேயே கற்றல்

காகித உறை, மெழுகுவத்தி, கால்மிதி ஆகியவற்றைச் செய்யக் கற்பிக்கும் பயிற்சிக்கூடங்கள் பல உண்டு. அவை பெற்றோருக்கு ஆறுதல் தருகின்றன. இளைஞருக்குப் பொழுதும் பயனுடன் கழிகிறது. எனினும், 'முழுமையாகத் தேர்ந்த பின் வேலைக்கு அனுப்பலாம்' என்னும் எண்ணத்தில் பயிற்சியே பல்லாண்டுகள் நீள்வதும் உண்டு. வேலை கிட்டாத பயிற்சி, கரை சேராத படகு போன்றது.

ஓரிடத்தில் கற்ற திறனை மற்றோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது இவ்விளைஞர்களுள் பலருக்குக் கடினம். பயிற்சிக்கூடத்தின் தரையைத் தூய்மை செய்யக் கற்றவர், உணவகத்தின் தரையைக் கண்டதும் திகைத்து நிற்கலாம். வாளி வேறு, இடம் வேறு, சூழ்ந்துள்ள மனிதர் வேறு. இதனை உணர்ந்த அறிஞர்கள் பயிற்றுவித்துப் பணியமர்த்தும் முறையைத் திருப்பிப் போட்டு, பணியமர்த்திப் பயிற்றுவிக்கும் முறையை வகுத்தனர். இளைஞர் உண்மையான பணியிடத்திற்குச் செல்கிறார். பணித்துணைவர் ஒருவர் உடன் சென்று, அப்பணியைத் தாம் முதலில் கற்று, பின் அவருக்குக் கற்பிக்கிறார். முதல் வாரங்களில் நாள் முழுவதும் உடன் இருப்பவர், நாளடைவில் சில மணி நேரமும், பின்னர் வாரத்தில் ஒரு நாளும் மட்டும் வருகிறார். அவர் இடத்தை உடன் பணியாற்றுவோரின் இயல்பான துணை நிரப்புகிறது.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய 'பிராஜெக்ட் சர்ச்' என்னும் திட்டம் இதற்குச் சான்று. அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்துப் பொருள்களை அடுக்கி நிரப்பும் பணிக்கு நிலையான ஆள்கள் கிடைக்காததைச் செவிலியர் எரின் ரீலி கண்டார். ஒழுங்கும் கவனமும் வேண்டும் அப்பணிக்கு வளர்ச்சிசார் குறைபாடு உடைய இளைஞரை ஏன் அமர்த்தக்கூடாது என்று அவர் சிந்தித்ததன் விளைவே அத்திட்டம். மாணவர் தம் பள்ளிப்படிப்பின் இறுதி ஆண்டைப் பணியிடத்திலேயே கழித்து, வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பயிற்சி பெறுகின்றனர். பள்ளிக்கும் பணிக்கும் இடையே வெற்றிடம் ஏற்படாமல் காப்பதே இதன் சிறப்பு.

பணியிடத்தைத் தேர்வதிலும் கூர்நோக்கு வேண்டும். தோவாளை மலர்ச்சந்தையை எண்ணிப் பார்க்கலாம். அதிகாலையிலேயே கூடும் சந்தையில் விலை கூறும் குரல்களும் வண்டிகளின் ஒலியும் மக்கள் நெரிசலும் நிறைந்திருக்கும். ஒலியைத் தாங்க இயலாத இளைஞருக்கு அவ்விடம் துன்பம் தரும். அதே தோவாளையில், அரளிப் பூக்களையும் நொச்சி இலையையும் மடித்து அழகிய வடிவங்கள் தோன்றக் கட்டும் மாணிக்கமாலை, வீட்டின் அமைதியில் உருவாகிறது. நிறம் பிரித்தல், அளவு ஒத்த பூக்களைத் தேர்தல், ஒரே வரிசையைப் பிழையாமல் திரும்பச் செய்தல் ஆகியவற்றில் இன்பம் காணும் இளைஞருக்கு அங்கு ஒரு பணி இருக்கக்கூடும். மக்களோடு பேசி மகிழும் இயல்புடைய மற்றோர் இளைஞருக்குச் சந்தையே ஏற்ற இடம். தொழில் ஒன்றே, ஆளுக்கேற்ப அதனுள் இடம் வேறு.

பணியைச் சூழ்ந்த திறன்கள்

வேலையை நன்றாகக் கற்றவர்கூட அவ்வேலையை இழப்பதுண்டு. காரணம், பெரும்பாலும் வேலைக்கு வெளியே இருக்கும். நேரத்திற்கு வருதல், தூய ஆடை அணிதல், உடல்நலம் குன்றினால் முன்கூட்டித் தெரிவித்தல், ஐயம் எழுந்தால் கேட்டல், இடைவேளையில் பிறரோடு பழகுதல் ஆகியவற்றைப் பிறர் பார்த்தே கற்றுக்கொள்வர். இவ்விளைஞர்களுக்கோ இவற்றையும் பாடமாகவே கற்பிக்க வேண்டும்.

பேருந்துப் பயணம் அவற்றுள் தலையாயது. வடசேரிப் பேருந்து நிலையத்தில் பல ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் நிற்கும். அவற்றுள் உரியதை அறிந்து ஏறி, உரிய இடத்தில் இறங்குவது எளிய செயலன்று. முதலில் பயிற்றுநர் அருகில் அமர்ந்து செல்கிறார். அடுத்து அதே பேருந்தில் தொலைவில் அமர்கிறார். பின்னர் இறங்குமிடத்தில் மட்டும் காத்திருக்கிறார். இறுதியில் இளைஞர் தனியே வருகிறார். பேருந்து வராவிட்டால், வழி தவறினால், கைப்பேசி இயங்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னரே நடித்துப் பழக வேண்டும். நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் மாற்றுத்திறனாளிகளையும் அவருடன் செல்லும் துணையாளர் ஒருவரையும் கட்டணமின்றி ஏற்றிச் செல்கின்றன. இச்சலுகை, பணிக்குச் செல்லும் வழியை எளிதாக்குகிறது.

பணத்தைக் கையாளுதலும் தன்னைக் காத்தலும் அடுத்தவை. தம் ஊதியம் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது, கடனாகக் கேட்பவருக்கு எவ்வாறு மறுப்பது என்பன தெரிய வேண்டும். உடல்மீது எத்தகைய தொடுதல் தவறானது, அது நேர்ந்தால் யாரிடம் கூற வேண்டும் என்பதையும் தெளிவாகக் கற்பிக்க வேண்டும். கீழ்ப்படியவே பழக்கப்பட்டவர் தீங்குக்கும் கீழ்ப்படிந்துவிடுவர். 'வேண்டாம்' என்று சொல்லக் கற்பதும் தொழிற்பயிற்சியின் பகுதியே.

பணியிடம் மாறுதல்

இளைஞர் மட்டுமே மாற வேண்டும் என்பது ஒருபக்க நியாயம். பணியிடமும் சிறிது மாற வேண்டும். அம்மாற்றம் பெரும்பாலும் சொல்லில்தான் தொடங்குகிறது. 'கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கொள்' என்று உரிமையாளர் சொல்லிச் செல்கிறார். மதியிறுக்கம் உடைய ஊழியர் கடையைப் பார்த்தபடியே நிற்கிறார். வாடிக்கையாளர் வந்து காத்திருந்து திரும்பிவிடுகிறார். ஊழியர் சொன்னதைத் தவறாமல் செய்தார். சொன்னதன் உட்பொருள்தான் அவரைச் சென்றடையவில்லை. 'காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்காதே' என்றால் அவர் திகைத்துத் தம் காலைப் பார்க்கக்கூடும். 'நான் பத்து மணிக்கு வருவேன். அதுவரை யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடு. பணத்தை இப்பெட்டியில் போடு' என்று சொன்னால் குழப்பம் இல்லை.

நாளின் பணிகளை வரிசையாகப் படத்தில் காட்டும் அட்டவணை, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, இரைச்சலைத் தடுக்கும் காதணி, வழக்கத்தில் மாற்றம் வரும்போது முன்னறிவிப்பு, ஐயம் கேட்பதற்கென ஒரே மூத்த ஊழியர் ஆகியவை போதுமான தொடக்கம். வாசிப்புக் குறைபாடு உடையவருக்கு, எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் வசதி கைப்பேசியிலேயே உள்ளது. தெளிவான கட்டளையும் ஒழுங்கான வரிசையும் ஏனைய ஊழியருக்கும் நன்மையே தரும்.

நேர்காணலும் மறுசிந்தனைக்கு உரியது. முகம் பார்த்துச் சரளமாகப் பேசுவதை வைத்துத் தேர்ந்தெடுத்தால், மதியிறுக்கம் உடையவர் முதற்படியிலேயே விலக்கப்படுவார். டென்மார்க்கில் 2004ஆம் ஆண்டு தோர்க்கில் சோன்னே என்பவர் மதியிறுக்கம் உடைய தம் மகனின் எதிர்காலத்தை எண்ணி ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 'வல்லுநர்கள்' என்னும் பொருள்பட அதற்கு 'ஸ்பெசலிஸ்டெர்ன' எனப் பெயரிட்டார். நேர்காணலுக்கு மாற்றாகச் செய்துகாட்டும் வாய்ப்பு தந்து, மென்பொருள் சோதனை முதலிய பணிகளில் அந்நிறுவனம் இவர்களை அமர்த்தியது. எஸ்.ஏ.பி. என்னும் பன்னாட்டு மென்பொருள் நிறுவனம் 2013இல் அறிவித்த பணித்திட்டத்திற்கு, பெங்களூரில் உள்ள அதன் கிளையில் பெற்ற பட்டறிவும் அடிப்படையாயிற்று. பேச்சில் தேறாதவர் செயலில் தேறலாம் என்பதை இவை காட்டின.

அண்டையில் உள்ள முன்னோடிகள்

தொலைநாட்டுச் சான்றுகளோடு, நாஞ்சில் நாட்டின் இருபுறமும் அண்மையிலேயே முன்னோடிகள் உள்ளனர். வடக்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரி தேர்வில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்தவர் அவர். பின்னர் அவருடன் இணைந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்குபவர். அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கான சிறப்புப்பள்ளி முதல் தொழிற்பயிற்சி வரை அச்சங்கம் நடத்துகிறது. இராமகிருஷ்ணனின் தொண்டுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உதவி பெறுவோராக மட்டும் எண்ணப்பட்டவர், பலருக்குப் பணி தரும் அமைப்பின் தலைவராக விளங்குவது கருதத்தக்கது.

மேற்கே கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் உள்ளது. கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடிய அய்யன்காளி பிறந்த ஊர் அது. அவ்வூர் ஊராட்சியில்தான் 2004ஆம் ஆண்டு, குடும்பஸ்ரீ இயக்கத்தின் துணையோடு, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான முதல் 'பட்ஸ்' பள்ளி தொடங்கியது. பதினெட்டு வயதைக் கடந்தவர்க்குத் தொழிற்பயிற்சி தரும் மையங்களும் அதன் தொடர்ச்சியாக உருவாயின. இவற்றை நடத்தும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பைச் சார்ந்தது. தெருவிளக்கையும் குடிநீரையும் போல இவ்விளைஞரின் வாழ்வும் ஊராட்சியின் கடமை என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

சட்டம் தரும் உரிமை

> தெரிந்து தெளிவோம்
> மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. மதியிறுக்கமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும்.

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, பிறருக்கு நிகராக உழைத்துப் பொருளீட்டும் உரிமையை வலியுறுத்துகிறது. இந்தியா 2007இல் அதனை ஏற்றது. அவ்வழியில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணியிடங்களில் நான்கு விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் ஒரு விழுக்காடு மதியிறுக்கம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோர்க்கு உரியது. தேவைக்கேற்ற ஏற்பாடுகளைப் பணியிடத்தில் செய்துதருவதையும் சட்டம் கடமையாக்குகிறது.

இவ்வுரிமைகளைப் பெறுவதற்கு மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் அடிப்படை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளை உரிய சான்றுடன் முன்னரே விண்ணப்பித்துப் பெறலாம். தேர்வில் தோற்று வீட்டில் அமரும் மாணவர் சிலர், கண்டறியப்படாத கற்றல் குறைபாடு உடையவராக இருக்கலாம். குறைபாட்டைச் சான்றாக எழுதி வாங்குவதை இழிவாகக் கருதி மறைக்கும் குடும்பம், பிள்ளைக்கு உரிய வாய்ப்பையும் உடன் மறைத்துவிடுகிறது. பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்படுவோர்க்கு, 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதற்கு வழி செய்கிறது.

ஊதியமும் மதிப்பும்

இரக்கத்தால் தரப்படும் வேலை நெடுநாள் நிலைக்காது. இரங்கியவர் மாறினால் வேலையும் மாறிவிடும். தேவையான ஒரு பணியை நிறைவாகச் செய்வதால் கிடைக்கும் வேலையே நிலைக்கும். ஆகவே உரிய பயிற்சி, உரிய பணி, உரிய ஊதியம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைதல் வேண்டும். 'பயிற்சி' என்னும் பெயரில் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைப்பைப் பெறுவது அறமன்று. முழுநேரம் உழைக்க இயலாதவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் உழைக்கலாம். தொடர்ந்த துணையின்றி உழைக்கவே இயலாதவரும் உளர். அவர்களுடைய மதிப்பு அதனால் குறைவதில்லை.

முதல் ஊதியத்தில் தாய்க்கு ஒரு சேலை வாங்கித் தருவது தமிழ்க் குடும்பங்களில் பெருமைக்குரிய வழக்கம். அதுவரை பிறர் தந்ததையே பெற்று வாழ்ந்த ஒருவர் தாமும் தருபவர் ஆகிறார். வீட்டில் அவர் சொல்லுக்குச் செவி கிடைக்கிறது. தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பணிக்கு வராத நாளில் 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஆள் இருக்கிறது. பெற்றோரின் காலத்துக்குப் பின்னும் ஒருவரைத் தாங்குபவர் இவ்வாறு தேடிக் கேட்கும் மனிதரே. அவர்களை ஈட்டித் தருவதும் உழைப்பின் பயன்களுள் ஒன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அதன் ஒரு பணியைப் படிகளாகப் பகுத்து எழுதுக. எப்படியில் எத்தகைய துணைக்கருவி உதவும் என்பதைக் குறிப்பிடுக.

2. அன்றாடப் பேச்சில் நேர்ப்பொருள் ஒன்றாகவும் உட்பொருள் வேறாகவும் அமையும் கட்டளைத் தொடர்கள் ஐந்தைத் திரட்டி, அவற்றைக் குழப்பமில்லாத தொடர்களாக மாற்றுக.

3. 'பணிக்கு ஏற்ப மனிதரை மாற்றுவதா, மனிதருக்கு ஏற்பப் பணியை மாற்றுவதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. மாற்றுத்திறனாளி இளைஞர் ஒருவருக்குத் தம் கடையில் பணி வழங்குமாறு வேண்டி, அதற்குத் தேவையான எளிய ஏற்பாடுகளையும் விளக்கி, உங்கள் பகுதி வணிகர் ஒருவருக்குக் கடிதம் எழுதுக.